எதிர்ப்பக்கத்து அம்பு

மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும் மலை அது. அங்கே நிலம் பிளந்து நகர்ந்த இடங்களை அளந்துவந்தாள் நிறைமதி. வயது முப்பத்தொன்று. அவளிடம் பாடம் கேட்க வந்தவர் ஆவுடையப்பன், வயது ஐம்பத்திரண்டு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இதில் யார் குரு, யார் சிஷ்யன் என்று பால்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அன்று காலை ஆவுடையப்பனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது.

"அம்மாவுக்கு முடியல டீச்சர். நானும் என் தம்பியும் சேர்ந்து வந்து நின்னாத்தான் சாப்பிடுவேன்னு கஞ்சியத் தள்ளி வச்சிருக்காளாம். இன்னிக்கு மூணாவது நாள்."

"மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புங்க சார்."

"கிளம்பலாம். ஆனா எட்டு வருசத்துக்கு முன்னால விலகிப் போனது என் தம்பி. நான் நின்ன இடத்துலயேதான் நிக்கேன். அவன் முதல்ல ஒரு வார்த்தை கூப்பிடட்டும். நான் சொல்லுதது நியாயமா, இல்லையா?"

நிறைமதி நியாயம் பேசவில்லை. "நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பிளவு ஒரு பழைய கல்சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரே நேராக இருந்த சுவர் இரண்டாகி, ஒரு பாதி இங்கேயும் மறுபாதி தள்ளி அங்கேயும் நின்றது. மேகத்தில் அந்த மறுபாதி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அது இன்னும் நகர்ந்துகொண்டே இருப்பதாக ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

"அம்பு போடுங்க சார்."

எவ்வளவு தூரம், எந்தத் திசை, இரண்டையும் ஒரே அம்பில் சொல்வதுதான் வெக்டர். அவர் நாடா பிடித்து அளந்தார். எதிர்ச்சுவர் வலப்பக்கமாக ஐந்தடி போயிருந்தது. நோட்டில் பிளவுக்கு ஒரு கோடு கிழித்து, எதிர்ப்பக்கத்தில் வலது பார்த்து ஓர் அம்பு போட்டார்.

பிளவின் இரண்டு பக்கமும் அம்பு போடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். அவர் மட்டும் வந்த நாளிலிருந்து ஒற்றை அம்புதான். அவளும் இதுவரை திருத்தியதில்லை.

"உங்க பக்கம்?"

"நான் நிக்கிற பக்கம் அப்படியேதான இருக்கு."

"சரி. இப்ப அந்தப் பக்கம் போய் நின்னு, அங்க இருந்து பார்த்து இன்னொண்ணு போடுங்க."

அவர் பிளவைத் தாண்டினார். மேகம் முழங்கால்வரை ஏறியிருந்தது. தரையில் கால் பாவாமல் நடப்பதுபோல இருந்தது, தூக்கத்தில் நடப்பதுபோலவும் இருந்தது. மறுபாதிச் சுவரருகே போய் நின்று திரும்பினார். தான் சற்றுமுன் நின்ற சுவரைப் பார்த்தார்.

அது வலப்பக்கமாகப் போயிருந்தது.

மறுபடி அளந்தார். அதே ஐந்தடி. அவருக்குக் கோபம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இடது வலது தெரியாமலா போய்விட்டது? கையைத் தூக்கிச் சாப்பிடும் கை எது என்று பார்த்துக்கொண்டார். வலதுதான்.

"டீச்சர், இங்க வந்து பார்த்தா நம்ம பக்கம்லா போயிருக்கு!"

"ம்."

"அப்ப நிஜமா விலகுனது எது?"

நிறைமதி பிளவுக்குள் இறங்கினாள். இரண்டு பாறைகளுக்கும் இடையே கையை விட்டு எதையோ அள்ளி வந்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். விபூதி மாதிரி மெத்தென்று இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு மணல்கூட நெருடவில்லை.

"இது என்ன மண்ணு?"

"மண்ணு இல்ல சார். பாறை."

"இதுவா பாறை? எந்தப் பக்கத்துப் பாறை?"

"ரெண்டு பக்கத்துதும்தான் சார். ரெண்டும் உரசி விலகுனதுல, நடுவுல மாட்டி அரைபட்டுப் போச்சு."