சேந்தன் சொல்லாத கடன்

மலைமேல் ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு ராஜா, கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்க வழி. எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலம். சுரங்க வழியின் சாவியை வைத்திருந்த கிழவர் இறந்துபோனதும், சேந்தன் என்ற வீரனுக்கு அந்த வேலை கூடிவந்தது.

சும்மா கொடுத்துவிடுவார்களா? அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம். சாவி வாங்கப்போகிறவனை அமைச்சர் மூன்று நாள் விசாரிப்பார். மூன்று நாளும் கேள்வி ஒன்றுதான்: "யாருக்காவது கடன்பட்டிருக்கிறாயா?" அதே மூன்று நாளும் சந்தையில் பறையறைவார்கள், அவனுக்குக் கடன் கொடுத்தவர் வந்து சொல்லலாம் என்று.

சேந்தனுக்குக் கடன் இருந்தது. சேவற்கட்டில் தோற்றுவிட்டு, குதிரை வியாபாரி பத்திரனிடம் வாங்கிய நாற்பது பொன். மனைவி நங்கைக்குக்கூடத் தெரியாது. சொன்னால் வேலையும் போகும், மானமும் போகும் என்று பயந்தான் பாவி.

முதல் நாள் "இல்லை" என்றான். இரண்டாம் நாளும் "இல்லை" என்றான். மூன்றாம் நாள் அமைச்சர், "நன்றாக யோசித்துச் சொல்லப்பா" என்றார். அப்போதும், "இல்லை ஐயா" என்றான்.

பத்திரனும் பறையைக் கேட்டான். ஆனால் வாயே திறக்கவில்லை. 'எவ்வளவு நல்ல மனிதர்!' என்று சேந்தன் உருகிப்போனான். சாவி கைக்கு வந்தது. வழி எங்கே திறக்கிறது என்பதையும் அவன் காதில் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பத்திரன் வீடு தேடி வந்தான்.

"நாற்பது பொன்னையும் மறந்துவிடுகிறேன். வழி எந்தப் பாறைக்குப் பக்கத்தில் திறக்கிறது, அதை மட்டும் சொல். எதிரி ராஜா எனக்கு நானூறு தருகிறார். மாட்டேன் என்றால், நீ பொய் சொன்னதை அமைச்சரிடம் சொல்லிவிடுவேன்."

சேந்தன் கெட்டவன் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். "போடா வெளியே!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினான். நேரே அமைச்சரிடம் ஓடி, ஒன்று விடாமல் சொன்னான். பத்திரனை அன்றே பிடித்துவிட்டார்கள்.

அமைச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உனக்கு முன்னால் இருந்தவருக்கு நூறு பொன் கடன். முதல் நாளே சொன்னார். அரண்மனையே அந்தக் கடனை அடைத்தது. முப்பது வருடம் சாவி வைத்திருந்தார்" என்றார்.

"நானும்தான் சொல்லிவிட்டேனே ஐயா!"

"கழுத்துக்குக் கத்தி வந்த பிறகு சொன்னாய். இன்னும் எதை மறைத்திருக்கிறாயோ, எனக்கு எப்படித் தெரியும்?"

சாவியை வாங்கிக்கொண்டார். வழி தெரிந்தவனை வெளியே விடவும் முடியாது. ஆகவே கோட்டையின் உச்சி அறையில், உயிர் உள்ளவரைக்கும் என்று சொல்லிப் பூட்டினார்கள். காட்டிக்கொடுக்காதவனுக்கு இந்தக் கதி. சொல்ல எனக்கே நெஞ்சு வலிக்கிறது.

நங்கை மூன்று நாள் வாசலில் நின்று அழுதாள். பார்க்க விடவில்லை. நான்காம் நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு நடந்தாள். சேந்தன் மேலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை.

ஆகையால் கேளுங்கள்: நம்பி ஒப்படைக்கிற வேலைக்குப் போகிறவன், கேட்ட அன்றே தன் கடனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.