முதல் பந்தி

மாசிலாமணி அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. நூற்பு மில்லில் சூப்பர்வைசர், கோயிலில் கமிட்டிச் செயலாளர். இரண்டு இடத்திலும் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். மெஷினில் நூல் அறுந்தால் ஆளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவரே ஒட்டுவார். கோயிலில் பாய் விரிப்பதிலிருந்து மைக் கட்டுவது வரை அவர் கைதான். தலைவன் என்பவன் ஊழியக்காரனாக இருக்கவேண்டும் என்று இயேசு சொன்னதாக வேதத்தில் படித்ததை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர், பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே கூடிச் சாப்பிடும் அசனத்தன்று, சமையல் பந்தலை அப்படியே விட்டுவிட்டுக் குருவானவரைத் தேடி வந்தார். குருவானவர் ஜாஸ்பர் வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்கு ஒண்ணும் புரியல.”

“என்ன அண்ணாச்சி?”

“மில்லுல எனக்கு மேல ஒரு எடம் காலியாருக்கு. மேனேஜர் எனக்குத் தாரேங்காரு. ஆனா, உம்ம எடத்தப் பாத்துக்கிட ஒரு ஆளு பேர நாளைக்குக் காலைல சொல்லும், இல்லாட்டி அது வேற ஆளுக்குப் போயிரும்ங்காரு. ரிட்டயர் ஆவ ஆறு வருசந்தான் கெடக்கு. இத விட்டா எனக்குக் கெடையாது.”

“சொல்ல வேண்டியதுதான?”

“ஒருத்தனும் தேற மாட்டான், ஐயா. நான் ஒருநாள் லீவு போட்டா மில்லு படுத்திரும். இங்க மட்டும் என்ன? கமிட்டில நாலு பேரு மீட்டிங்குக்கே வாரதில்ல. எல்லாருக்கும் முதுகு ஒடியச் செய்யுதேன். பெறவு ஏன் எங்கூட நிக்க ஒரு ஆளு இல்ல?”

குருவானவர் ஏதாவது வசனம் சொல்வார் என்று மாசிலாமணி காத்திருந்தார். குருவானவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் பந்தி போடுதாங்க. வாங்க, சாப்பிடுவோம்.”

“ஐயையோ! நான் உக்காந்தா வெளம்புதது யாரு?”

“எனக்குத் தெரியாது. நான் சொல்லுதவரைக்கும் நீங்க எந்திரிக்கப்பிடாது. அவ்வளவுதான்.”

இருபத்தாறு வருஷ அசனத்தில் மாசிலாமணி முதல் பந்தியில் உட்கார்ந்ததே கிடையாது. இலைக்கு முன்னால் கைகளை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தண்டனையா? பாடமா? இல்லை, குருவானவருக்கு நிஜமாகவே பசிதானா?

பந்தி தாறுமாறாகத்தான் தொடங்கியது. சோறு வருமுன் ரசம் வந்தது. ஒரு வரிசைக்கு அப்பளம் இரண்டு தரம் வந்தது, எதிர் வரிசை வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி துள்ளி எழப் போனார். குருவானவர் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, மானம் போவுது!”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது சாம்பார் வாளியோடு வந்த ஒல்லியான ஆள் ஒருவர் நின்று பந்தியை ஒருமுறை பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. ரசக்காரரைத் திருப்பி அனுப்பினார். சோறு வைத்திருந்த இருவரையும் வரிசைக்கு ஒருவராகப் பிரித்துவிட்டார். அப்பளக் கூடையை எதிர் வரிசையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தன் வாளியைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் பந்தியில் சாப்பிடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“சாம்பார் போதுமா, சார்?” என்று மாசிலாமணியிடம் கேட்டு, ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.

மாசிலாமணி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவர் போன திசையையே பார்த்தார். மனசிலிருந்த பாரம் சட்டென்று இறங்கியதுபோல் இருந்தது.

“ஐயா, இவரையே சொல்லிரலாம்லா!”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? எஞ் ஷிப்டுதான். ஒம்பது வருசமா எங்கூட இருக்காரு. நம்ம கோயில்தான்.”

“பேரு என்ன?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். இடது கை தானாக எழுந்து ஐந்து விரலைக் காட்டியது, பிறகு இரண்டைக் காட்டியது.

மில்லுக்குள் சத்தம் காதைப் பிளக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. விரலால் மெஷின் நம்பரைக் காட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். சாம்பார் ஊற்றியவர் ஏழாம் நம்பர் மெஷின்.

பந்தலில் அப்படியொன்றும் சத்தமில்லை. மாசிலாமணி தன் கையைப் பார்த்தார். மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து இலைக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

“ஐயா, அவரு பேரு என்ன?”

குருவானவர் சோற்றிலிருந்து நிமிரவில்லை.

“நான் இந்த ஊருக்கு வந்து எட்டு மாசந்தான் ஆவுது, அண்ணாச்சி.”