கண்ணைப் பொத்திப் பார்த்த வாத்துப் படம்

கோணக்கிணறு என்கிற ஊரில் வாத்துப் படம் போட்ட கதையை நம்புவதா வேண்டாமா என்று பல வருஷமாகக் குழப்பம். ஒரு ஊரில் ஒருத்தருக்காவது புத்தி இருந்திருக்காதா என்று தோன்றும். அடுத்த நிமிஷமே, நம் ஊரில் மட்டும் யாருக்கு இருக்கிறது என்றும் தோன்றிவிடும். சொன்னவர் சிரிக்காமல்தான் சொன்னார். அதனால் கேட்டபடியே சொல்லிவிடுவது நல்லது.

மாசானம் அந்த ஊர்ச் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவன். அவன் மகள் பேச்சிக்கு நாலரை வயசு. படம் காட்டுகிற அருளப்பன் டவுனிலிருந்து வேனில் வந்து பள்ளிக்கூடச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார். குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம். ஆற்று வெள்ளத்தில் தன்னந்தனியாக மிதந்து போகிறது ஒரு மஞ்சள் வாத்துக்குஞ்சு. அதைப் பார்த்ததிலிருந்து பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்பா, குஞ்சு அம்மாகிட்டப் போயிருமா?"

"சாயங்காலம் படத்துல தெரிஞ்சிரும் மக்கா. வாயைத் திற."

"போயிருமா, போகாதா? அதைச் சொல்லு முதல்ல."

மாசானத்துக்குத் தெரியாது. சாயங்காலம் கட்டாயம் தெரிந்துவிடும் என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டான்.

அதற்குள் ஊர்த் தலைவர் பலவேசம் கூட்டம் போட்டுவிட்டார். பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கலாமா, கூடாதா?

"படத்துல வாத்து பேசுமாம் அண்ணாச்சி," என்றார் கொம்பையா.

"பேசினா என்ன?"

"பிள்ளைங்க நாளைக்கு நம்ம ஊர் வாத்துகிட்டப் போய்ப் பேசும். அது பதில் சொல்லலேன்னா?"

கூட்டமே உச்சுக் கொட்டியது.

"மனசு ஒடிஞ்சு போயிருமே," என்றார் பலவேசம்.

"பிள்ளைக்கா, வாத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான் வே."

அருளப்பன் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, மத்தியானம் உங்களுக்கு மட்டும் ஒருவாட்டி போட்டுக் காட்டுறேன். குழந்தை எந்த இடத்துல பயப்படும்னு கவனிச்சுப் பாருங்க. சரின்னா சாயங்காலம் ஊருக்கே போடுவோம். வேண்டாம்னா மெஷினை வேன்ல ஏத்திக்கிட்டு அடுத்த ஊருக்குப் போறேன்."

குழந்தையைக் கவனிக்கக் குழந்தை வேண்டுமே! மாசானம் பேச்சியைத் தூக்கி வந்தான். படத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்காததால், திரைக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைத்தார்கள். எதிரே ஊர்ப் பெரியவர்களின் ஏழு மீசைகள். பிள்ளை முகத்தை விட்டு ஒருத்தரும் கண்ணை எடுக்கக் கூடாது என்று பலவேசம் உத்தரவு போட்டார். ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக இருந்ததால் அவள் முகத்தில் டார்ச் வேறு அடித்தார்.

படம் ஓட ஆரம்பித்தது. பேச்சி திரையைத் திரும்பிப் பார்க்கப் போனாள்.

"திரும்பாதே!" என்றன ஏழு மீசைகளும்.

பேச்சி வீலென்று அலறினாள்.

"பாத்தீரா வே! எடுத்த எடுப்புலேயே பயந்துட்டா," என்றார் பலவேசம்.

படம் முடியும்வரை அவள் அழுகை ஓயவில்லை. வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார்கள். பயங்கரமான படம்.

"அதுல இருக்கிறது ஒரு வாத்தும் ஒரு தவளையும்தானேய்யா!" அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "எந்த இடத்துல பயந்தா?"

"அதை எங்ககிட்டக் கேட்டா? நாங்க பிள்ளையையில்லா பாத்துக்கிட்டிருந்தோம்!"

மாசானம் வேன் கதவை மறித்து நின்றான். மெஷின் வேனில் ஏறினால் சத்தியம் போச்சு. பிள்ளையோ காலையிலிருந்து பட்டினி. "அண்ணாச்சி, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்," என்று அருளப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படுற இடம் வந்தா பிள்ளைங்க கண்ணைப் பொத்திருங்க. எல்லா ஊர்லயும் செய்றதுதானே!" என்றார் அருளப்பன்.

கூட்டம் மறுபடி கூடியது. பேச்சி முதலிலிருந்து கடைசிவரை அழுதாள். ஆகவே முதலிலிருந்து கடைசிவரை பொத்த வேண்டும். இதில் யாருக்கும் மறுப்பில்லை.

"பெரியவங்களுக்கு?" என்றார் கொம்பையா. "படத்தை நாம யாருமே பாக்கலியே. நமக்கு ஆகுமா ஆகாதான்னு எப்படித் தெரியும்?"

"அப்போ அவங்கவங்க கண்ணைப் பின்னால இருக்கிற ஆள் பொத்தட்டும்."

"கடைசி ஆளுக்கு?"

பலவேசம் முதல் ஆளிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கொம்பையா கடைசி ஆளிலிருந்து எண்ணிப் பார்த்தார். கடைசியில் மாசானம்தான் சொன்னான்: "வட்டமா உக்காந்தா கடைசி ஆளே கிடையாதுல்லா?"

ஊரே அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பொத்தியது. பாதிப் பேருக்குத் திரை முதுகுப் பக்கம் இருந்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

மாசானத்துக்கு முன்னால் பேச்சி, திரைக்கு நேராக. என்ன பயங்கரம் வருமோ, யாருக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது. அதற்காக, கை இன்னும் பெரிதாகட்டும் என்று பத்து விரலையும் முடிந்தமட்டும் அகல விரித்து அவள் முகத்தில் வைத்தான். தான் செய்த சத்தியம் அவனுக்கு ஞாபகம் வந்தபோது, அவன் கண்மேல் கொம்பையாவின் கை இருந்தது.

"என்னடே நடக்குது?"

"எனக்கெப்படித் தெரியும்? உனக்குத் தெரியுதா?"

"பேசாம படத்தைப் பாருங்கவே!"

இந்தக் கூச்சலில் வாத்து பேசியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. பேச்சி மட்டும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்தது. "பயமே தெரியலை. நல்ல படம்," என்று பலவேசம் பாராட்டினார். மாசானமோ தரையில் சரிந்து அழுதான். "குஞ்சு என்ன ஆச்சுன்னு இந்தப் பாவி அப்பனுக்குத் தெரியலியே மக்கா!"

"எனக்குத் தெரியுமே," என்றாள் பேச்சி. "விரல் சந்துல நல்லாத் தெரிஞ்சுதே. பசிக்குதுப்பா."

அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடும்வரை ஊர் சுற்றி நின்றது. அவள் கை கழுவியதும் பலவேசம் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "தாயி, அது அம்மாகிட்டப் போயிருச்சா?"

பேச்சி ஏழு மீசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன். நீங்க பயந்துருவீங்க."

உடனே கூட்டம் போட்டார்கள். பிள்ளை சொல்வது நியாயம்தான், பெரியவர்களுக்கு ஏற்ற படமில்லை என்று ஏகமனதாக முடிவானது. அன்றிலிருந்து அங்கே யாரும் அதைக் கேட்டதில்லையாம்.

இதையெல்லாம் சொன்னவரும் பேச்சிதான். இப்போது டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். மீசை ஏழுதானா, ஊர் நிஜமாகவே வட்டமாக உட்கார்ந்ததா என்று கேட்டுச் சந்தேகத்தைத் தீர்த்துவிடத்தான் போன மாதம் நான் அவர் கடைக்குப் போனது. ஆனால் அவர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு:

"எனக்கும் ஐம்பத்தாறு வயசு ஆயிருச்சும்மா. பயப்பட மாட்டேன். அந்தக் குஞ்சு அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துச்சா?"