பச்சைப் பொத்தான்

“இந்த போன் என்னைப் பொய்யனாக்கிருச்சு, டீச்சரம்மா,” என்றார் மாயழகு.

முப்பது வருஷம் தேனி – குமுளி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வயிற்றில் புற்றுநோய். கீமோ நான்கு சுற்று ஓடியாயிற்று, இனி ஆபரேஷன். உடம்பு தேறினால்தான் கத்தி வைப்பேன் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

உடம்பைத் தேற்ற, அவர் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தது ஆஸ்பத்திரி. ஆப் என்றாலே அவர் காதில் ஆப்பு என்றுதான் விழும். தினமும் காலையில் அது பேசும். நாற்காலியிலிருந்து எழு, உட்கார், சுவரைத் தள்ளு, கூடத்தில் நட. அதற்கு வாய் உண்டு, கண் இல்லை. செய்து முடித்தோம் என்பதை நாம்தான் பச்சைப் பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும்.

அதை ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பார்ப்பவள் நஸ்ரின், பிசியோதெரபிஸ்ட். அவருடைய மகளைவிடச் சின்னவள். ஆனாலும் எழு, உட்கார் என்று சொல்லிக் கொடுப்பவள் என்பதால் அவருக்கு டீச்சரம்மா.

நஸ்ரின் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டுக் கட்டம். எல்லாம் காலி.

பெரிய டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா என்று காலையில்தான் கேட்டார் என்றாள். ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

மாயழகுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் தள்ளிப் போடலாம், உள்ளே இருப்பது தள்ளி நிற்குமா? ஒரு நாள்கூட விடவில்லை, பெண்டாட்டி சத்தியம், பிள்ளைகள் சத்தியம் என்று வரிசையாக அடுக்கினார்.

நஸ்ரின் நாற்காலியை அறை நடுவில் இழுத்துப் போட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கையைக் கட்டிக்கங்க சார். எந்திரிங்க, உக்காருங்க. அரை நிமிஷம்.”

போன மாதம் இதே நாற்காலியில் ஐந்தாவது தடவைக்கு மேல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

இன்று அவள் போதும் என்றபோது பதினான்கு ஆகியிருந்தது.

நஸ்ரின் விட்ட மூச்சு அவருக்கே கேட்டது. அவருக்காக அவளும் பயந்துதான் போயிருந்தாள். உடனே பெரிய டாக்டருக்கு போன் போட்டாள். பதினான்கு என்றாள். நான் கண்ணால் பார்த்தேன் சார் என்றாள். பிறகு, “சரிங்க சார், சொன்னபடி புதன்கிழமையே,” என்று வைத்தாள்.

மாயழகு துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றுதான் சொல்லிக்கொண்டார். நாலு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

“செஞ்சிருக்கீங்க. அப்புறம் ஏன் சார் பொத்தானை அமுக்கல?”

அவர் தரையைப் பார்த்தார்.

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க டீச்சரம்மா.”

படித்தாள். ‘முடிந்தது.’

“கிளம்பும்போது போறேன்னு சொல்லாத ஆளு நான். போயிட்டு வரேன்னுதான் சொல்லுவேன். கான்சர் வந்தவன் விடிஞ்சதும் விடியாததுமா, என் விரலாலயே அதைச் சொல்லணுமா?”

நஸ்ரின் சிரிக்கவில்லை. அந்த எழுத்தைத் தினமும் பார்க்கிறவள்தான். இன்றுதான் படித்த மாதிரி இருந்தது.

மாற்றச் சொல்கிறேன், ஆனால் அதற்கு நாளாகும் என்றாள். ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போனபிறகும் இதே ஆப்தான், இதே பொத்தான்தான். அமுக்காவிட்டால் அவர் எப்படி இருக்கிறார் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

மாயழகு போனை மேசையில் அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

“உங்க பஸ் சின்னமனூர்ல நிக்குது,” என்றாள். “இறங்குறவங்க இறங்கியாச்சு. ஏறுறவங்க ஏறியாச்சு. அந்த ஸ்டாப்புல உங்க வேலை ஆயிருச்சு. அப்ப என்ன சார் சொல்லுவீங்க?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

நஸ்ரின் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். இன்றைய கட்டம் காலியாக இருந்தது.

மாயழகு பச்சைப் பொத்தானை அமுக்கினார். மேசையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“போலாம், ரைட்!”