மருத மரத்திலிருந்து விழுந்த இலை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், உயரமான மருத மரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் ஒரு மந்தி உட்கார்ந்திருக்கும். கீழே பரந்து கிடந்த புல்வெளியில் புள்ளிமான்கள் மேயும்.

மேயும் மானுக்குத் தலை கீழே இருக்கும். உயர்ந்த புல்லில் பதுங்கி வரும் சிறுத்தை அதன் கண்ணில் படாது. உச்சியில் இருக்கும் மந்திக்கு எல்லாம் தெரியும். அசையக் கூடாத இடத்தில் புல் அசைந்தால், "கக்! கக்! கக்!" என்று காடே அதிரும்படி கத்தும். மான்கள் ஒரே ஓட்டமாக ஓடையைத் தாண்டிப் பாறைமேட்டில் ஏறிவிடும்.

மந்தி தண்ணீர் குடிக்க இறங்கும்போது காவல் மான்களுடையது. காற்றில் சிறுத்தையின் வாடை வந்தால் அவை கூவும். மந்தி தாவி ஏறிக்கொள்ளும். இதற்காக யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. கேட்டதும் இல்லை.

அந்த மந்தையில் மருளி என்றொரு பெண்மான் இருந்தது. சருகு சலசலத்தால் நடுங்கும். தன் நிழல் நீண்டாலும் நடுங்கும். அந்த வேனிலில் அதற்கு ஒரு குட்டி பிறந்தது. கால்கள் இன்னும் கோரைத்தண்டு போல ஆடிக்கொண்டிருந்த குட்டி. அதன்பின் மருளியின் பயமெல்லாம் திரண்டு அந்தக் குட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் கவைக்கொம்பன் என்ற ஆண்மான் ஆற்றுமணலுக்குப் போயிற்று. அங்கே படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒரு மிதுக்கம்பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து மருத மரத்தடியில் வைத்தது.

"என்ன இது?" என்றது மந்தி.

"ஒன்றுமில்லை மந்தியக்கா. நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாக்கை நனைத்துக்கொள்ளுங்கள்."

ஏறி ஒளிய மரமில்லாத மணல்வெளிக்கு மந்தி போனதே இல்லை. பழத்தைத் தின்றது. மணல் சூட்டில் கனிந்த பழம், தேனாக இனித்தது.

"கொம்பா, உனக்கு ஏதாவது வேண்டுமா?"

"பெரிதாக எதுவுமில்லை. நீங்கள் கத்தினால் கிழமும் குட்டியும் சேர்ந்து முட்டி மோதுகின்றன. இந்தக் கொம்பை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நான் எப்படி ஓடுவது? கத்துவதற்குச் சற்று முன்னால் என் முதுகில் ஓர் இலையைப் போடுங்கள். நான் நழுவிக்கொள்கிறேன். பிறகு வழக்கம்போல் கத்துங்கள். யாருக்கு என்ன நஷ்டம்?"

மந்தி யோசித்துப் பார்த்தது. யாருக்கும் நஷ்டம் இருப்பதாக அதற்குத் தெரியவில்லை.

கவைக்கொம்பன் முதுகில் இலை விழுவதையும், உடனே அது நழுவுவதையும் மற்ற மான்கள் சீக்கிரமே கண்டுகொண்டன. ஏன் இப்படி என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. என்ன பழம் என்றுதான் கேட்டன.

மரத்தடியில் பழம் குவிந்தது. பழம் வைத்த மான்கள் மரத்தைச் சுற்றியே மேய்ந்தன. வைக்காதவை தூரத்தில் மேய்ந்தன. மந்திக்கு ஒரு கவலை வந்தது: 'இலை போட்ட கையோடு கத்திவிட்டால் இலைக்கு என்ன மதிப்பு?' அதனால் கொஞ்சம் பொறுத்துக் கத்தியது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பொறுத்தது.

மருளியின் அக்காள் வடிவி கெட்டிக்காரி. அது ஒருநாள் காலையில் மருளியை ஓரமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஏன்டி, நீ இன்னும் பழம் வைக்கவில்லையாமே?"

"மணல்வெளிக்குப் போகப் பயமாக இருக்கிறது அக்கா. அதுதான் சத்தம் வருகிறதே."

"சத்தமா? நேற்றுச் சத்தம் எப்போது வந்தது தெரியுமா? நான் பாறையில் ஏறி, மூச்சு வாங்கி, ஈ ஓட்டிக்கொண்டு நின்றபோது வந்தது! குட்டியை வைத்துக்கொண்டு அசடாக இருக்காதே. உனக்கும் சேர்த்து நானே வைத்துவிட்டேன்."

மருளி தலையைத் தாழ்த்தியது. பக்கத்தில் ஒரு கிழமான் காலை இழுத்து இழுத்து மேய்ந்துகொண்டிருந்தது. மந்தை முழுவதற்கும் அது அத்தை.

"அத்தைக்கு?" என்று மெல்லக் கேட்டது மருளி.

"ஊருக்கெல்லாம் நானா சுமப்பேன்?"

கிழமான் சிரித்தது. "எனக்கு எதற்கம்மா இலை? கால்தான் போயிற்று, காது நன்றாகத்தான் இருக்கிறது. மந்தி கத்தட்டும், நான் விந்தி விந்தி வந்துவிடுவேன்."

அன்று உச்சி வெயிலில் மருளியின் முதுகில் ஓர் இலை விழுந்தது. பச்சை இலை. தண்ணீர்த் துளி போலச் சில்லென்றிருந்தது. மருளி மூச்சை அடக்கிக்கொண்டு குட்டியை முன்னால் தள்ளியது. ஓடையைத் தாண்டிப் பாறையில் ஏறியது. ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது.

புல்வெளியில் அத்தை மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆள் குறைந்தது அதற்குத் தெரிந்துவிட்டது போலும். தலையைத் தூக்கி இரண்டு காதுகளையும் விறைத்துக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பி நின்றது. சத்தத்துக்காகக் காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. புல் பிளந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மந்தி கத்தியது. வழக்கம்போல மூன்று முறை.

"பாவம்," என்றது பாறைமேல் ஒரு மான். "ஒரே ஒரு பழம் வைத்திருந்தால்..."

"பிழைக்கத் தெரிய வேண்டும்," என்றது கவைக்கொம்பன்.

அத்தையின் அந்த இரண்டு காதுகளே மருளியின் கண்ணில் நின்றன. 'மந்தி வாயை மூடிக்கொண்டிருந்தது. சரி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?'

மறுநாள் மருளி மேயவில்லை. மரத்தடியில் குட்டியை அணைத்தபடி நின்றது. தூரத்தில், அப்போதுதான் மந்தைக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு தாய்மான் தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. அதற்குப் பழமும் தெரியாது, இலையும் தெரியாது. குட்டிகள் ஒன்றையொன்று முட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

இலை விழுந்தது. இந்த முறை மருளியுடைய குட்டியின் நெற்றியில். குட்டி காதை உதறிவிட்டு அதை முகர்ந்து பார்த்தது.

"வாடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது வடிவி. சொல்லிக்கொண்டே நழுவியது. கவைக்கொம்பன் ஏற்கெனவே ஓடைக்கரையில் இருந்தது.

மருளி நாலாபக்கமும் பார்த்தது. சிறுத்தை வருகிறது என்றுதான் இலை சொல்லும். எங்கே வருகிறது என்று சொல்லாது. கூவினால் சிறுத்தையின் கண் முதலில் தன் மேல்தான் விழும். குட்டியால் இன்னும் ஓட முடியாது. பேசாமல் நடந்தால் ஓடை பக்கம்தான். பேசாமல் நடந்தால் போதும்.

தூரத்துக் குட்டிகள் இரண்டும் விளையாட்டை நிறுத்தவில்லை.

மருளி முன்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. கூவ வாய் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. தனக்கு அப்படியொரு குரல் இருப்பது மருளிக்கே அன்றுவரை தெரியாது.

புல்வெளியில் இருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. தாய்மான் கூவியது. நழுவிக்கொண்டிருந்த மான்கள்கூடத் தங்களை மறந்து திரும்பிக் கூவின. எல்லாக் கண்களும் தேடித் தேடி ஒரே இடத்தில் போய் நின்றன. மரத்துக்கும் மருளிக்கும் வெகு பக்கத்தில், காய்ந்த புல்லுக்கு நடுவே, சிறுத்தையின் முகம் தெரிந்தது.

அது மருளியைப் பார்த்தது. மருளி குட்டியை மறைத்துக்கொண்டு அதைப் பார்த்தது. ஓடவில்லை, கூவிக்கொண்டே நின்றது.

ஒளிந்திருக்கும் வரைதான் சிறுத்தைக்குப் பலம். இத்தனை கண்கள் தன்மேல் விழுந்த பிறகு பாய்வது வீண் என்று அதற்குத் தெரியும். வாலை ஒருமுறை சொடுக்கிவிட்டு, எதுவும் நடக்காதது போல ஆற்றுப்பக்கம் நடந்து போயிற்று.

அதன்பின் கிளம்பியது சண்டை.

"உனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மணலுக்குப் போனவள் நான்!" என்று கத்தியது வடிவி. "என் பழத்துக்காக விழுந்த இலையை ஊருக்கே கொடுத்துவிட்டாயே!"

"அக்கா, நேற்று ஊர் கேட்க வேண்டிய சத்தத்தைத்தானே நீங்கள் எல்லாரும் இலையாக வாங்கினீர்கள்? நானும்தான் வாங்கினேன். அத்தை அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள்."

வடிவி காதுகளைத் தாழ்த்திக்கொண்டது.

மந்தி மேலேயிருந்து உறுமியது. "இனி உனக்கு இலை கிடையாது, பார்த்துக்கொள்."

"வேண்டாம்," என்றது மருளி. குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "இனி யார்மேல் இலை விழுந்தாலும், விழுவதைப் பார்க்கிறவர் கூவட்டும்."

"நான் கூவுவேன்," என்றது தாய்மான். அதன் பக்கத்தில் நின்ற மான் தலையசைத்தது. பிறகு இன்னொன்று.

கவைக்கொம்பன் மட்டும் மூக்கால் சிரித்தது. மறுநாள் நல்ல பெரிய பழமாகக் கொண்டுவந்து வைத்தது. அதன் முதுகில் இலை விழுந்தது. அது நழுவி ஓரடி வைப்பதற்குள் புல்வெளி முழுவதும் கூவியது. கிழமும் குட்டியும் முட்டி மோத, அந்த நெரிசலின் நடுவிலேயே கவைக்கொம்பனும் ஓட வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள் மரத்தடியில் ஒரு பழமும் இல்லை. எல்லாருக்கும் கேட்கப்போகும் இலைக்கு யார் பழம் சுமப்பார்கள்?

"பழம் இல்லையென்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்!" என்றது மந்தி.

"உங்கள் இஷ்டம் மந்தியக்கா," என்றது மருளி. "நீங்கள் தண்ணீருக்கு இறங்கும்போது நாங்கள் மூக்கை மூடிக்கொள்ள மாட்டோம்."

மந்தி முதுகைத் திருப்பிக்கொண்டது. மான்கள் ஒன்று மாற்றி ஒன்று தலையைத் தூக்கி நின்று காவல் காத்தன. வயிறு பாதிதான் நிறைந்தது. ஆனாலும் மந்தையில் ஒன்றும் குறையவில்லை.

ஒரு மாலை மந்தி தாகம் தாங்காமல் இறங்கியது. குனிந்து நீரில் வாய் வைத்தது. அப்போது காற்று திரும்பியது. மருளியின் மூக்கில் அந்த வாடை ஏறியது.

ஒரு மூச்சு நேரம் மருளி சும்மா நின்றது. அத்தையின் காதுகள் நினைவுக்கு வந்தன. சத்தம் வராத அந்த நேரமும் நினைவுக்கு வந்தது.

மருளி கூவியது.

மந்தி பாய்ந்து ஏறியது. அதன் வாலுக்குச் சற்றுக் கீழே, மரப்பட்டையில் சிறுத்தையின் நகங்கள் ஆழமாகக் கீறின.

மந்தி வெகுநேரம் உச்சிக் கிளையைக் கட்டிக்கொண்டு இருந்தது. கீழே பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் புல் அசைந்தபோது, "கக்! கக்! கக்!" என்று கத்தியது. பல நாள் பழக்கம் விட்டுப்போனதால் குரல் கரகரத்தது. ஆனாலும் ஆற்றின் அக்கரைவரை கேட்டது.

மழை வந்தது, புல் தழைத்தது. மருளியின் குட்டி நன்றாக ஓடக் கற்றுக்கொண்டது. ஒருநாள் காற்றடித்து மருத மரத்திலிருந்து ஓர் இலை கழன்று விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த மான்களெல்லாம் சட்டென்று நிமிர்ந்தன.

"அம்மா, இலைதானே விழுந்தது?" என்றது குட்டி.

"இலைதான், கண்ணே. நீ மேய்," என்றது மருளி.

ஆனால் அது தலையைக் குனிய வெகுநேரமாயிற்று.

நீதி: எல்லாருக்கும் உரிய காவலைத் தனக்கு மட்டும் விலைக்கு வாங்குவது பிறர் உயிரைப் பறிப்பதாகும்; மறைவில் நடக்கும் பேரத்தைக் கண்டால், பயந்தாலும் எல்லாரும் கேட்கச் சொல்லிவிடு.