வந்தாலும் போனாலும் ச்சாவோ

அந்தக் காலத்தில், பறவைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, வெனிஸ் நகரமே கிடையாது. உப்பங்கழியும் நாணலும்தான். அங்கே ஒரே நாணல் புதரில் பொரிந்து வளர்ந்தவர்கள் இரண்டு பேர்: அல்வீசே என்ற நாரை, ஸான்ஸே என்ற மீன்கொத்தி. நண்டு பிடிக்கக் கற்றதும் ஒன்றாக, கடிபட்டு அழுததும் ஒன்றாக. மழை வந்தால் அவன் சிறகுக்கடியில் அவள். அந்த ஈரச் சிறகின் வாசனையை அவள் மறக்கவே இல்லை.

அல்வீசேக்குக் கால் வளர்ந்தது, கழுத்து வளர்ந்தது. நெட்டையாக இருப்பவனே பெரியவன் என்று யாரோ முடிவு செய்து, கால்வாய் முகப்பின் உயரமான மரக்கம்பத்தில் அவனை உட்கார வைத்தார்கள். நீளத்துக்கும் பெருமைக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. கம்பத்தைக் கடக்கிறவர்கள் எல்லாம் தலை குனிந்து, "நான் உங்கள் அடிமை" என்று சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பேச்சில் அடிமைக்கு "ஸ்ச்சாவோ" என்று பெயர். சொல்லாதவர்களுக்கு உப்பங்கழியில் இடமில்லை. ஸான்ஸே மட்டும் சொல்ல மறுத்தாள்.

"சொல்லேன்டி, ஒரு வார்த்தைதானே?" என்றது காவலுக்கு நின்ற நீர்க்காகம்.

"ஒரு வார்த்தைதானே? அப்போ அவன் சொல்லட்டும்! நண்டுக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிஞ்சவனுக்கு நான் அடிமையா?"

அல்வீசே மேலிருந்து பார்த்தான். அவளுக்காகப் பேசினால் கம்பம் போய்விடும்.

"விடிஞ்சதும் ஊரை விட்டுக் கிளம்பு," என்றது நீர்க்காகம்.

விடிந்தது. ஸான்ஸே பழைய புதரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அதில் இப்போது வேறு யாருடைய கூடோ. பிறகு, சுற்றுவழி இருந்தும், கம்பத்தின் வழியாகவே பறந்தாள். தலை குனியவில்லை.

"வரேன்டா, நெட்டையா."

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம்! அல்வீசே கம்பத்தை விட்டுச் சேற்றில் இறங்கினான். எல்லாரும் பார்க்க, அவ்வளவு நீளக் கழுத்தையும் மடக்கித் தாழ்த்தினான்.

"ஸ்ச்சாவோ. நான்தான் உன் அடிமை, குள்ளி. போகாதே."

நீர்க்காகத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. பெரியவனே சொல்லிவிட்டான், இனி யாரை யாரிடம் சொல்ல வைப்பது?

ஸான்ஸே பாதி வானத்திலிருந்து திரும்பினாள். நன்றாகத் திட்டத்தான் வந்தாள். சேற்றில் இறங்கியதில் அவன் சிறகு நனைந்திருந்தது. அதே வாசனை.

"நிமிருடா, கழுத்து சுளுக்கிக்கப் போகுது," என்றாள். பிறகு மெதுவாக, "ஸ்ச்சாவோ. நானும்தான்."

அவன் சொன்னது அவள் போகும்போது. அவள் சொன்னது வந்து இறங்கியபோது. மற்றவர்களும் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகினார்கள். வாய்க்கு வாய் தேய்ந்து அது "ச்சாவோ" ஆயிற்று; அடிமை என்ற அர்த்தம் உப்புத் தண்ணீரில் கரைந்தே போயிற்று. கம்பத்தில் அப்புறம் யாரும் ஏறவில்லை.

அன்று விடிந்ததிலிருந்துதான் இத்தாலியில் வந்தாலும் போனாலும் அதே ஒரு வார்த்தை. இன்றைக்கும் முன்பின் தெரியாத பெரிய மனிதர்களிடம் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே! கம்பத்தை விட்டு இறங்கி வந்தவனிடம்தானே அவள் அதைச் சொன்னாள்.