நூற்றுப் பதினாலு கவடு

அருளம்பலத்துக்கு அறுபத்திரண்டாவது வயதில் ஒரு குரு வாய்த்தாள். அதுவும் அவரைவிட இருபது வயது குறைந்தவள். ஒன்ராறியோவின் வடக்கே, தமிழ் வீடு மூன்றே மூன்று இருக்கிற ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற யோகமலர்தான் அவருக்கு மான் வேட்டை பழக்கினவள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அவள் அவரை அண்ணை என்பாள். இப்படிக் கூப்பிட்டுக்கொண்ட குருவையும் சீடனையும் நான் வேறெங்கும் கண்டதில்லை.

மனைவி மனோன்மணி செத்துப் போன பிறகு அந்த மனுசனுக்கு வீட்டில் பேச ஆளில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டுக் குசினியில் நின்றபடியே சாப்பிடுவார். மகன் ஞாயிற்றுக்கிழமையில் ஃபோன் எடுப்பான். அதுவும் மூன்று நிமிஷம். காடு ஒன்றுதான் அவரை வீட்டுக்கு வெளியே இழுத்தது.

திங்கட்கிழமை மான் சீசன் திறக்கிறது. சனிக்கிழமை காலையில், துவக்குக் கடைக்காரன் கொடுத்த துப்பாக்கிப் படப் புத்தகத்தோடு யோகமலரின் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒரு முடிவு சொல்லும். த்ரீ ஓ எய்ட் துவக்கு வாங்கவோ, அதைவிடப் பெரிசா ஏதும் வாங்கவோ?”

“கையிலை இருக்கிற துவக்குக்கு என்ன?”

“அது டூ ஃபோர்ட்டி த்ரீ. சின்னச் சன்னம். அந்தக் குண்டு போன வருஷம் என்னை நட்டாத்திலை விட்டிட்டுது.”

“ஏன், படேல்லையோ?”

“பட்டது. மான் துள்ளினதை என்ரை கண்ணாலை கண்டன். பிறகு எடுத்தது ஓட்டம். பெரிய சன்னமெண்டால் நிண்ட இடத்திலையே விழுந்திருக்கும். அப்பிடி விழுத்துற துவக்கு ஒண்டு சொல்லும். இல்லாட்டி எனக்கு இந்த வேட்டையே வேண்டாம். லைசென்ஸைக் கிழிச்சு எறிஞ்சிட்டு வீட்டிலை கிடக்கிறன்.”

வீட்டில் கிடந்தால் இந்த மனுசன் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும்.

அவருடைய புத்தி எப்போதும் அப்படித்தான். எதுவென்றாலும் பெரிசாக இருந்தால் சரி வரும் என்ற எண்ணம். மனோன்மணி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கிடந்தபோது, பெரிய டொக்டரைப் பிடிக்கிறேன் என்று ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணித்தியாலம் காரோட்டி டொரொன்ரோவுக்குப் போனார். பாதி வழியில், அவள் போய்விட்டாள் என்று ஃபோன் வந்தது. “நேரத்தோடை பெரிய டொக்டரிட்டைக் காட்டியிருந்தால்” என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். டொக்டரைத் தேடித்தான் போனாரோ, அந்தக் கட்டிலைப் பார்க்க ஏலாமல் போனாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

யோகமலர் புத்தகத்தை வாங்கி மூடினாள். ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டாள்.

“வாங்கோ அண்ணை, போவம்.”

“கடைக்கோ?”

“இல்லை. போன வருஷம் நீங்கள் சுட்ட இடத்துக்கு.”

அவருடைய முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் போய்க் காரில் ஏறினார்.

காட்டில் இலையெல்லாம் கொட்டியிருந்தது. அவர் அன்றைக்குத் தனியக் குந்தியிருந்த அடிமரக் குற்றி அப்படியே இருந்தது.

“மான் எங்கை நிண்டது?”

“அந்த வெள்ளைப் பட்டை மரத்தடியிலை.”

“சுட்டிட்டு என்ன செய்தனீங்கள்?”

“நீர் சொல்லித் தந்தபடிதான். அரை மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருந்தன்.”

அவள் எவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தினால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ ஓடிவிடும். விட்டுவிட்டால் கிட்டடியில் படுக்கும். அரை மணித்தியாலம் கழித்துத் தேடிப் போக வேண்டும்.

“பிறகு?”

“பிறகென்ன, போய்ப் பாத்தன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.”

“எவ்வளவு தூரம் போனீங்கள்?”

அவர் சருகைக் காலால் கிளறினார். “அந்த மரம் மட்டும்.”

“சரி. இப்ப அந்த மரத்திலையிருந்து கவடு எண்ணிக்கொண்டு எனக்குப் பின்னாலை வாங்கோ.”

அவள் ஓடைப் பக்கமாக இறங்கினாள். அவர் காலை எட்டி வைத்து ஒவ்வொரு கவடாக எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பதில் நின்றார்.

“இஞ்சாலை வந்திராது, தங்கச்சி.”

“அடிபட்டது மேட்டிலை ஏறுறது குறைவு. தண்ணிப் பக்கந்தான் இறங்கும். எண்ணுங்கோ.”

எழுபது. எண்பது. தொண்ணூறுக்குப் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. நூற்றுப் பதினாலில் யோகமலர் நின்றாள்.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குக் கீழே எலும்புகள் இருந்தன. பல்லோடு ஒரு தாடை, கொஞ்ச விலா, சருகுக்கு அடியில் ஒட்டிப்போன மயிர். அவள் குனிந்து கையால் விலக்கி, தோள் எலும்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அதன் நடுவில் சின்ன விரல் நுனி போகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை.

“இதுதான் உங்கடை சின்னச் சன்னம்.”

அருளம்பலம் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு விழுந்த மரத்தில் குந்திவிட்டார். கண்ணீர் வந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

“சத்தம் கேட்டது, தங்கச்சி.”

“எப்ப?”

“அந்த அரை மணித்தியாலத்துக்கை. சருகிலை என்னவோ விழுந்தது. என்னெண்டு எனக்குத் தெரியும். கால் எழும்பேல்லை. வந்தால் அதின்ரை முகத்தைப் பாக்க வேணுமெல்லே.”

அவள் தேத்தண்ணீரை ஊற்றி அவருடைய கையில் வைத்தாள். தூரத்தில் ஒரு லொறி போகிற சத்தம் கேட்டு அடங்கியது.

“கன நேரம் வேதனைப்பட்டிருக்குமோ?”

“இல்லை. விழுந்தாப்பிறகு ஒரு நிமிஷம்கூட இராது.”

“அப்ப நான் வந்திருந்தாலும் அது செத்துத்தானே கிடந்திருக்கும்? நான் வந்து என்னத்தைக் கண்டது?”

“ஓம் அண்ணை. செத்துத்தான் கிடந்திருக்கும்,” என்றாள் யோகமலர். “ஆனா தனியக் கிடந்திராது.”

அருளம்பலம் அந்த எலும்பை மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார்.